ஆளைச் சொல்லும் நகை

சிவன் கோயில்களில் நால்வர் வரிசையாக நிற்கும்போது யார் எவர் என்று கண்டுபிடிப்பது எளிது. தோளில் உழவாரப் படை என்றால் அப்பர். சிறு பிள்ளை என்றால் சம்பந்தர். கையில் ஏடு என்றால் மாணிக்கவாசகர். கழுத்திலும் காதிலும் கையிலும் நகை பூண்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பவர் சுந்தரர். கள்ளக்குறிச்சி மாவட்டம் திருநாவலூர்தான் அவர் பிறந்த ஊர். சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகப் பிறந்து, திருமுனைப்பாடி அரசர் நரசிங்க முனையரையரின் அரண்மனையில் வளர்ந்தவர். புத்தூரில் அவருடைய கல்யாணத்தன்று சிவபெருமான் கிழவராக வந்து ஓலையைக் காட்டித் தடுத்தாட்கொண்டார். பிறகு திருவாரூரில், அந்த மணக்கோலத்தையே என்றும் தரித்திரு என்று இறைவனே சொன்னதாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதுகிறார்.

அப்பரும் இதே திருமுனைப்பாடி நாட்டுக்காரர்தான்; பண்ருட்டி பக்கத்துத் திருவாமூரில் பிறந்தவர். அவர் திருநீறும் உழவாரமுமாக ஊர் ஊராக நடந்தார். சுந்தரர் பட்டும் பொன்னுமாக நடந்தார். இருவர் பக்தியிலும் ஒரு குன்றிமணி ஏற்றத்தாழ்வு கிடையாது. நகை போட்டவர் எல்லாம் ஆடம்பரக்காரர் என்றும், போடாதவர் எல்லாம் இல்லாதவர் என்றும் எடை போடுகிற பழக்கத்தை இந்த ஒரு வரிசையே திருத்திவிடும்.

இந்த அத்தியாயத்தின் ஒரே விதி இதுதான்: நகை, அணிந்தவரைச் சொல்ல வேண்டும். அதன் எடையைச் சொல்லிக்கொண்டு நின்றால் அது அழகாகாது. எந்த நகை எதற்கு, எதைப் பார்த்து வாங்குவது, எப்படி அணிவது, எப்படிப் பாதுகாப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

எந்த நகை எதற்கு?

நம் வீடுகளில் நகை ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் உண்டு. அதைப் போட்டுவிட உரிமையுள்ள ஓர் உறவும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் எதை வாங்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானே விளங்கும்.

குழந்தை பிறந்ததும் அரைஞாண் கயிறு, பிறகு வெள்ளிக் கொடி, காப்பு, தண்டை. சங்க காலத்துப் பிள்ளைகள் ஐம்படைத் தாலி அணிந்தார்கள். திருமாலின் ஐந்து ஆயுதங்களையும் சிறிதாகச் செய்து, குழந்தைக்குக் காவலாகக் கழுத்தில் கோத்த அணி அது. புறநானூற்றில் அதை இன்னும் கழற்றாமலே போர்க்களம் வந்த இளம் பாண்டியன் வருகிறான். இன்றும் குழந்தைக்கு நகை என்றால் முதலில் காவல், பிறகுதான் அழகு. அதனால் கூர் முனை, கழன்று விழும் மணி, இறுக்கும் கயிறு மூன்றும் கூடாது. அரைஞாணுக்கும் இடுப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மாதம் ஒருமுறை அளவைச் சரிபார்த்துத் தளர்த்துங்கள்.

அடுத்தது காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவது வழக்கம். தோடு மாமன் வீட்டுச் சீர். பெரிய தோடு வாங்கிவந்து மெச்சிக்கொள்வதைவிட, மெல்லிய, லேசான தங்க வளையம் போடுவது நல்லது. துளை ஆறுகிற வரை பிஞ்சுக் காது எடை தாங்காது. குத்துகிற ஊசி புதியதா, சுத்தமானதா என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

கல்யாணத்தில் தாலியும் மெட்டியும். தாலியின் வடிவம் சாதிக்கு, குலத்துக்கு, ஊருக்கு மாறும்; மஞ்சள் கயிறு எல்லாருக்கும் பொது. கொடி எவ்வளவு கனமாக இருந்தாலும் முதலில் கட்டுவது கயிற்றில்தான். ஆடிப் பதினெட்டில் புதுக் கயிறு மாற்றுவதும், அதற்குப் பிறகு தாலி பெருக்கிக் குண்டும் காசும் பவழமும் சேர்த்துக் கோப்பதும் நம் பக்கத்து வழக்கம். கயிற்றில் அணிபவர்கள் மஞ்சள் தேய்த்துக் குளித்ததும் நன்றாக உலரவிடுங்கள். ஈரக் கயிறு கழுத்தில் அரிப்பு தரும்.

வளைகாப்பில் விலை ஒரு பொருட்டே இல்லை. வேப்பங் காப்பும் கண்ணாடி வளையலும்தான் அங்கே நகை. ஏழாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்கும். தாயின் கையில் குலுங்கும் வளையல் ஓசை அதற்கு எட்டும். அங்கன்வாடிகள் வழியே அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பிலும் அதே கண்ணாடி வளையல்தான். வசதி இருப்பவரும் இல்லாதவரும் ஒரே மாதிரி நகை போடுகிற சடங்கு இது ஒன்று.

திருநாவலூர் இருக்கும் இதே உளுந்தூர்பேட்டைப் பக்கத்தில்தான் கூவாகம் இருக்கிறது. சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலுக்கு நாடு முழுவதிலிருந்தும் திருநங்கைகள் வருகிறார்கள். பாரதப் போருக்குப் பலியாகும் அரவானைக் கணவனாக ஏற்று, பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். அன்றைய இரவு பூவும் பட்டும் நகையுமாக விடிகிறது. மறுநாள் தேர் ஓடி, அரவான் பலியான பிறகு தாலியை அறுத்து, வளையலை உடைத்து, குளித்து, வெள்ளைச் சேலை கட்டுகிறார்கள். ஒரு மஞ்சள் கயிறும் ஒரு கை வளையலும் ஒரு மனுஷியின் வாழ்க்கையில் என்ன சொல்ல முடியும் என்பதை இதைவிடத் துலக்கமாக வேறெங்கும் பார்க்க முடியாது. விழாவுக்குப் போகிறவர்கள் அந்த அலங்காரத்தை வேடிக்கையாகப் பார்க்காதீர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

கூவாகத்தில் அது சடங்கு. வீட்டில் அப்படி நடப்பது கொடுமை. கணவர் போனதும் பெண்ணின் வளையலை உடைப்பதும் பூவைப் பறிப்பதும் இன்னும் பல ஊர்களில் நிற்கவில்லை. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமம் 2022 மே மாதம் தீர்மானம் போட்டு இந்த வழக்கத்தை நிறுத்தியது. மாநில அரசும் மற்ற ஊராட்சிகள் அதைப் பின்பற்றக் கேட்டுக்கொண்டது. நம் ஊர்க் கிராம சபைகளும் இதைச் செய்யலாம். தோடும் வளையலும் தாய்வீட்டில் சிறுவயதிலேயே போட்டவை. அவற்றைக் கழற்றச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

வாங்கும்போது

சுந்தரரிடமே இன்னொரு பாடம் இருக்கிறது. திருமுதுகுன்றத்தில், அதாவது விருத்தாசலத்தில், இறைவன் அவருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்பது கட்டளை. நம் கல்வராயன் மலையில் பிறந்து ஓடுகிற ஆறுதான் அது. ஆற்றில் இடுவதற்கு முன் சுந்தரர் அந்தப் பொன்னிலிருந்து மாதிரிக்கு மச்சம் வெட்டி எடுத்துவைத்துக்கொண்டார். திருவாரூர்க் கமலாலயத்தில் பொன்னை எடுத்ததும் மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்த்தார்; மாற்று குறைந்திருந்தது. பதிகம் பாடினார், மாற்று சரியானது. குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இருக்கிறார். ஆண்டவன் கொடுத்த பொன்னையே ஒருவர் உரசிப் பார்த்திருக்கிறார். கடைக்காரரிடம் கேட்க நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

இன்று உரைகல்லின் வேலையை ஹால்மார்க் செய்கிறது. 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ். முத்திரை, தரம், எச்.யு.ஐ.டி. எண். தரம் 22கே916 என்றிருந்தால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். 18கே750 என்றால் 750 பங்கு. எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறு இலக்கத்தை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் நகையின் வகை, தரம், சோதித்த மையம் எல்லாம் வரும். நீங்கள் வாங்குவது ஜிமிக்கி, செயலி காட்டுவது மோதிரம் என்றால் வாங்காதீர்கள். முத்திரையில் சொன்ன தரம் நகையில் இல்லை என்று தெரிந்தால், தரம் குறைந்த அளவின் மதிப்பைப் போல் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கேட்க விதி இருக்கிறது. அதற்கு ரசீது வேண்டும். ரசீது இல்லாமல் ஒரு மூக்குத்திகூட வாங்காதீர்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. அதனால் சின்ன நகைக்குத்தான் ரசீது இன்னும் முக்கியம்.

அடுத்து எடை. கல் வைத்த நகையில் மொத்த எடை வேறு, தங்கத்தின் எடை வேறு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜ சோழன் கொடுத்த நகைகளைப் பற்றிய கல்வெட்டுகளைப் படித்தால் இந்தக் கணக்கில் நம் முன்னோருக்கு இருந்த கண்டிப்பு தெரியும். ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்து, முத்து எத்தனை, மாணிக்கம் எத்தனை, வைரம் எத்தனை என்று எண்ணி, சரட்டையும் சட்டத்தையும் செப்பாணியையும் நீக்கியா சேர்த்தா என்பதுவரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நீங்கள் கடையில் கேட்க வேண்டியதும் அதேதான்: "அண்ணே, மொத்த எடை இருக்கட்டும். கல்லு, அரக்கு கழிச்சு தங்கம் எவ்வளவு? அதைத் தனியா ரசீதுல எழுதுங்க."

பிறகு சேதாரம். 16 கிராம், அதாவது 2 பவுன் சங்கிலிக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் 1.92 கிராம் தங்கத்தின் விலையைக் கூடுதலாகத் தருகிறீர்கள். 18 சதவீதம் என்றால் 2.88 கிராம். வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு கிராம். ஒரே மாதிரி வேலைப்பாட்டுக்கு இரண்டு கடைகளில் சேதாரம் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இயந்திரத்தில் வார்த்த சங்கிலிக்கும் ஆசாரி பட்டறையில் கையால் செய்த மாங்காய் மாலைக்கும் கூலி ஒன்றாக இருக்காது. கைவேலைக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்.

தங்கம் மட்டுமே நகை என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கல்வராயன் மலைக்கு மேற்கே சேலம். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போனது. கிழக்கே சிதம்பரம், கவரிங் நகைக்குப் பேர்போனது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவர்களுக்கு அழகாக உடுத்திக்கொள்ளக் கடன் வாங்க வேண்டிய கட்டாயமே இல்லை. கவரிங் போட்டு அரிப்பு வந்தால் பெரும்பாலும் அடியில் உள்ள நிக்கல் காரணம். செம்பின் மேல் தங்கமுலாம் பூசியதைக் கேட்டு வாங்குங்கள்.

அணியும்போது

முதல் பாடம், தலைமை ஒன்றுக்குத்தான். காதில் பெரிய ஜிமிக்கி என்றால் கழுத்தில் மெல்லிய சங்கிலி போதும். கழுத்தை ஒட்டி அட்டிகை என்றால் காதில் சிறு தோடு. எல்லா நகையும் முந்திக்கொண்டு பேசினால் முகம் காணாமல் போகும். கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் இந்த விதியில் விலக்கு உண்டு. நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்குடி, ஒட்டியாணம், வங்கி என்று முழு அலங்காரம் அன்றைக்கு அவளுக்கு உரியது. அதனால்தான் கல்யாண வீட்டுக்குப் போகிற உறவுப் பெண்கள் மணமகளைவிட ஒரு படி குறைத்து அணிவது மரியாதை.

இரண்டாவது, அடுக்கு. இரண்டு மூன்று மாலை போடுவதானால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். கழுத்தில் அட்டிகை, மார்பில் காசுமாலை, அதற்குக் கீழே ஆரம் என்று இறங்கினால் ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தால் சிக்கிக்கொள்ளும், தேயும். ரவிக்கைக் கழுத்து அகலமாக இருந்தால் அட்டிகை எடுப்பாக இருக்கும். மூடிய கழுத்து ரவிக்கைக்கு நீண்ட மாலையே பொருந்தும்.

மூன்றாவது, துணி. அகலச் சரிகைக் காஞ்சிப் பட்டுக்கு மின்னும் நகையைவிட மங்கலான பழம்பொன் நிறமும் கெம்புக்கல்லும் பொருந்தும். நாகர்கோவில் வடசேரிக் கைவினைஞர்கள் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது; பரதநாட்டிய மேடையில் நீங்கள் பார்க்கும் சிவப்புக்கல் நகைகளின் மரபு அது. பச்சை, மஞ்சள், கருநீலப் பட்டில் கெம்பு எழுந்து நிற்கும். சிவப்புப் பட்டில் முத்து. சுங்குடிக்கும் கைத்தறிப் பருத்திக்கும் வெள்ளி, சுடுமண், மணிமாலை போட்டுப் பாருங்கள். வயலுக்கும் அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் ஏற்ற அழகு அது.

நான்காவது, காது. ஜிமிக்கியின் கனம் முழுவதையும் துளையின் மேல் ஏற்றக் கூடாது. அதற்குத்தான் மாட்டல். அதன் ஒரு முனையைத் தோட்டுத் தண்டில் கோத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், மறுமுனைக் கொக்கியை முடிக்குள் செருகிப் பின்னூசி போட வேண்டும். சரியாக மாட்டினால் ஜிமிக்கியைக் கீழிருந்து ஒரு விரலால் தாங்கினால் எவ்வளவு லேசாக இருக்குமோ அவ்வளவு லேசாக இருக்கும். மாட்டல் தொய்ந்து தொங்கினால் அது வெறும் அலங்காரம். எடை காதில்தான் நிற்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டியது ஜிமிக்கி. துளை நீண்டுவிட்டால் பிறகு தையல்தான் போட வேண்டிவரும்.

ஐந்தாவது, வளையல் அளவு. கடையில் "ரெண்டு நாலு", "ரெண்டு ஆறு", "ரெண்டு எட்டு" என்பார்கள். இதைத் தசமமாக எண்ணிவிடக் கூடாது. இரண்டாவது எண், அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த பங்கு. ரெண்டு நாலு என்றால் உள்விட்டம் இரண்டே கால் அங்குலம், 57 மில்லிமீட்டர். ரெண்டு எட்டு என்றால் இரண்டரை அங்குலம், 63.5 மில்லிமீட்டர். கைக்குச் சரியான வளையலின் உள்விட்டத்தை அளவுகோலால் ஒருமுறை அளந்து எழுதிவைத்துக்கொண்டால் யார் வாங்கிவந்தாலும் அளவு தப்பாது.

ஆறாவது, இடம். கூட்ட நெரிசலிலும் வண்டியில் போகும்போதும் சங்கிலியை முந்தானைக்குள் விடுங்கள். துக்க வீட்டுக்குத் தாலியும் சிறு தோடும் போதும். அடுப்பு வேலையில் நீளச் சங்கிலி வேண்டாம்.

ஆண்களுக்கும் இதே விதிதான். கடுக்கன், மோதிரம், வெள்ளிக் காப்பு, மெல்லிய சங்கிலி என எதுவானாலும் ஒன்றோ இரண்டோ போதும். சட்டைப் பொத்தானைத் திறந்து காட்டுகிற சங்கிலி எடையைச் சொல்லும். விரலுக்குப் பொருந்திய ஒற்றை மோதிரம் ஆளைச் சொல்லும்.

பாதுகாக்கும்போது

தங்க நகையைப் பூந்திக்கொட்டை ஊறவைத்த வெதுவெதுப்பான நீரில் மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கெம்பு நகையை நீரில் ஊறவைக்கவே கூடாது. கல்லுக்கு அடியில் இருக்கும் அரக்கில் ஈரம் இறங்கினால் கல் மங்கிவிடும், ஒருநாள் உதிர்ந்தும் விடும். ஈரம் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். முத்தும் பவழமும் எலுமிச்சை, புளி, வாசனைத் திரவியம் எதையும் தாங்காது. அலங்காரம் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக அணியுங்கள். வெள்ளி கறுத்தால் திருநீற்றால் தேய்த்தால் பளிச்சென்று ஆகும். ஒவ்வொரு நகையையும் தனித்தனித் துணிப்பையில் வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் தேய்மானம் உங்களுக்குத்தான்.

மாதம் ஒருநாள் கம்மலின் திருகாணி, சங்கிலியின் கொக்கி, கல்லைப் பிடித்திருக்கும் பற்கள் மூன்றையும் பாருங்கள். நகை தொலைவது பெரும்பாலும் திருட்டில் அல்ல, தளர்ந்த திருகாணியில்.

யாருடையது?

இதில் குழப்பமே வேண்டாம். கல்யாணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த நகை அவளுடைய சொத்து. உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் இதைச் சொன்னது. 2024 ஏப்ரலில், கேரளப் பெண் ஒருவரின் 89 பவுன் நகை பற்றிய வழக்கில், சீதன நகையில் கணவருக்கு உரிமை கிடையாது என்று மறுபடி உறுதிசெய்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. அவசரத்துக்கு அவள் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். திருப்பித் தர வேண்டிய கடமை இருக்கிறது. கரும்புக்கும் நெல்லுக்கும் முதலீடு இல்லாதபோது கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்துத்தான் நம் பக்கத்துக் குடும்பங்கள் பயிர் வைக்கின்றன. அறுவடைப் பணம் வந்ததும் அந்த நகையை மீட்பது முதல் செலவாக இருக்கட்டும். இத்தனை பவுன் போடு என்று பெண் வீட்டாரை நெருக்குவது 1961 முதல் சட்டப்படி குற்றம்; அறத்தின்படி என்றைக்குமே குற்றம்.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நகையையும் பற்றி எழுதுங்கள்: பெயர், மொத்த எடை, தங்கத்தின் எடை, கல் எண்ணிக்கை, எச்.யு.ஐ.டி. எண், வாங்கிய ஆண்டு, யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது. பக்கத்திலேயே ரசீதை ஒட்டுங்கள், படமும் எடுத்துவையுங்கள். அடகு வைத்தாலும் மீட்டாலும் தேதியோடு குறியுங்கள். பாட்டியின் அட்டிகை என்றால், அவரிடமே கேட்டு அதன் கதையையும் எழுதுங்கள். அவர் இருக்கும்போதே எழுதுங்கள். எழுதி முடித்ததும் பெட்டியில் சும்மா கிடக்கிற நகையில் ஒன்றை எடுத்து, இந்த வாரமே அணியுங்கள். நகை அணியத்தான்.